கல் வேஷம்

ஜன்னலைச் சாத்திராதீங்கம்மா, காத்து வரட்டும். இந்த மலையில பஸ் எறங்கும்போது வாயை மூடிக்கிட்டு உக்காந்தா எனக்கு ஒத்துக்காது. பேசிக்கிட்டே வந்தா வளைவு போறதே தெரியாது. நீங்க சுத்திப் பாக்க வந்தவங்களா? கழுத்துல கேமரா தொங்குதே, அதான் கேட்டேன். எடுத்தாச்சா படமெல்லாம்? தேயிலை, மேகம், எல்லாம்? பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரின்னு வர்றவங்க எல்லாரும் சொல்லுவாங்க. அந்தக் கம்பளத்துக்குள்ள இடுப்பு வரைக்கும் நின்னு கொழுந்து கிள்ளுறவங்க உங்க படத்துல புள்ளி மாதிரி இருப்பாங்க. பெருசு பண்ணிப் பாருங்க, தெரிவாங்க.

நான் டீச்சர். பேரு பாக்கியசீலி. எஸ்டேட் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ். நேத்து வரைக்கும். இன்னைக்கு மாத்தலாகிக் கீழ போறேன். மேல கம்பியில இருக்கே அந்த மூட்டை, பாய்ச்சுருட்டு, அதெல்லாம் என்னுதுதான். தண்டனைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நிர்வாகக் காரணம்னு போட்டிருக்காங்க. அந்தக் காரணம் என்னன்னு நான் சொல்றேன், கேளுங்க. நான் அதிகம் பேசுறவ இல்ல. யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆனா இதைச் சொல்லாம போனா நெஞ்சு வெடிச்சிரும்.

எங்க பள்ளிக்கூடத்துல தமிழ்ப் புள்ளைங்க கொஞ்சந்தாம்மா. எஸ்டேட்ல இருந்த நம்ம சனம் பாதி திருப்பூர், கோயமுத்தூர்னு எறங்கிருச்சு. புள்ளைங்க மேல வரணும்னு எல்லாரும் கீழ போனாங்க. அவங்க விட்டுட்டுப் போன, வரிசையா ஒட்டிக் கட்டின லைன் வீட்டுலயெல்லாம் இப்ப ஜார்க்கண்டு, அஸ்ஸாம். ரயில் ஏறி, பஸ் ஏறி வந்து சேர்றாங்க. மறுநாளே முதுகுல கூடையை மாட்டிக்கிறாங்க. புள்ளைங்களை எங்ககிட்ட விட்டுட்டுப் போறாங்க. வாத்தியாரு தமிழ், புஸ்தகம் தமிழ், புள்ளைக்கு ஒரு வார்த்தை தெரியாது. "எல்லாரும் சொல்லுங்க, மரம்"னா, "மரம்"னு கூரை பிய்யிற மாதிரி கத்தும். மரம் எங்கன்னு கேட்டா புஸ்தகத்தைத் தொட்டுக் காட்டும். ஜன்னலுக்கு வெளிய அம்மாம் பெரிய சில்வர் ஓக் நிக்குது, அதைக் காட்டாது.

பாத்தேன். புஸ்தகத்தை எல்லாம் அலமாரியில வச்சுப் பூட்டினேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த வம்பு.

கதை சொல்ல ஆரம்பிச்சேன். நாற்காலியில உக்காந்து சொல்ற கதை இல்ல. கரடி வருதுன்னா நான்தான் கரடி. இந்த உடம்பை வச்சுக்கிட்டு நாலு கால்ல நடந்தேன். ஒரு கரடி பலாப்பழம் திங்க வருது, மரத்துல ஏறுது, பழத்தோட கீழ விழுது. அவ்வளவுதான் கதை. கரடி அந்தப் புள்ளைங்களுக்குப் புதுசா? லைன் வீட்டுக்குப் பின்னாடி பலா மரத்துக்கு வர்றதுதானே. ஆனா அந்தக் கதைக்குள்ள என்னென்ன இருக்கு பாருங்க. வா, போ, ஏறு, விழுந்துருச்சு, இனிக்குது, வலிக்குது, ஐயோ. ஒரு மனுசப் பிறவி பொழைக்க இதுக்கு மேல என்னம்மா தமிழ் வேணும்?

எல்லாருக்கும் வேஷம் உண்டு. பேச வர்றவங்க கரடி, குரங்கு, மேனேஜர், ரேஷன் கடைக்காரர். பேச வராதவங்க மரம், ஆறு, கதவு. கதவுக்கும் வேலை இருக்குல்ல, திறக்கணும், சாத்தணும். கொஞ்ச நாள்ல கதவு "யாரு?"ன்னு கேக்க ஆரம்பிச்சிரும். வசனம் நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அது என் சட்டம். புள்ளை வாயில நான் வார்த்தையைத் திணிக்க மாட்டேன், அதுவா வந்தா வரட்டும். இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன். மீட்டிங்ல எல்லாம் எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்கேன்.

எங்க எச்.எம். பேரு அமலோற்பவம். அந்தம்மாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பல. பயந்தாங்கொள்ளி. "சீலி, கொஞ்சம் சத்தம் கொறைச்ச கரடியா இருக்கக் கூடாதா?"ன்னு கேப்பாங்க. சத்தம் கொறைச்ச கரடி! எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? பி.இ.ஓ. சார், அதான் எங்க எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் மேல இருக்குற கல்வி அதிகாரி, அவர் திடீர்னு ஜீப்புல வந்து எறங்கினார்னா இந்தம்மா வாசலுக்கே ஓடிருவாங்க. அங்கயே நிறுத்தி, டீ குடுத்து, மழையைப் பத்தி, அவர் பொண்ணு கல்யாணத்தைப் பத்தியெல்லாம் பேசிக்கிட்டே இருப்பாங்க. அதிகாரிக்குக் காக்கா பிடிக்கிறதுல அவ்வளவு ஆசை. எனக்கு அது ஒரு வகையில வசதிதான். அவர் உள்ள வர்றதுக்குள்ள மரம், ஆறு, கதவு எல்லாத்தையும் பெஞ்சுல உக்கார வச்சு, கையில புஸ்தகத்தைக் குடுத்திருவேன்.

குமட்டுதாம்மா? மொகம் ஒரு மாதிரி போகுதே. இந்தாங்க, எலுமிச்சம்பழம், மோந்துக்கங்க. காலையில அந்த எச்.எம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து கையில திணிச்சது. நான் வேண்டாம்னு சொன்னேன். சரி, வாங்கிக்கிட்டேன். பழம் என்ன பாவம் பண்ணுச்சு?

ஈஸ்வரியைப் பத்தி சொல்ல வந்தேன். அவ பேரு எத்வாரி. ஜார்க்கண்டுக்காரப் பொண்ணு. அவங்க பக்கம் ஞாயித்துக்கிழமை பொறந்தா அப்படி வைப்பாங்களாம். எத்வாரின்னா நம்ம புள்ளைங்க வாயில நிக்கல, நான் ஈஸ்வரின்னு மாத்திக் கூப்பிட்டேன். கிட்டத்தட்ட அதேதானே. அவளும் ஒண்ணும் சொல்லல. எப்படிச் சொல்லுவா, அவ எதுக்குமே வாயைத் தொறக்கல. அப்பா கிடையாது. அம்மா புத்னி கொழுந்தெடுக்கப் போறா. பள்ளிக்கூடம் விட்டதும் இவ ஓடிப்போய்த் தோட்டத்து ஓரத்துல, அம்மா நிக்கிற வரிசைக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பா. கண்ணு மட்டும் பெருசு. எதைப் பாத்தாலும் அப்படியே முழுங்குற கண்ணு.

அவளுக்குக் கல் வேஷம் குடுத்தேன். மரத்தடியில ஒரு கல்லு, அவ்வளவுதான். குனிஞ்சு முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. மழை பூரா கல்லாவே இருந்தா. எங்க ஊரு மழை உங்களுக்குத் தெரியாது, ஜூன்ல புடிச்சா விடவே விடாது. எச்.எம். கேட்டாங்க, "சீலி, அந்தப் பொண்ணு எப்பதான் பேசும்?" நான் சொன்னேன், "கல்லு பேசும்போது பேசும்."

பேசுச்சும்மா. மெர்சின்னு ஒரு குண்டுப் பொண்ணு, அவதான் எங்க கரடி. ஒரு நாள் பலாப்பழம் தின்ன களைப்புல கரடி போய்க் கல்லு மேல உக்காந்துருச்சு. நல்லா அழுத்தி உக்காந்துருச்சு. கல்லு கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துச்சு. அப்புறம் சத்தமா, அதட்டலா, "எந்திரி!"ன்னுச்சு.

கிளாஸே நின்னு போச்சு. மெர்சி பயந்து எந்திரிச்சு ஓடிட்டா. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். எந்திரி! அட்சர சுத்தமா. நான் ஓடிப்போய் எச்.எம். ரூம் கதவைத் தட்டி, "கல்லு பேசிருச்சு டீச்சர்!"னு கத்தினேன். அந்தம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு வந்து, கதவோரமா நின்னு எட்டிப் பாத்தாங்க. அப்புறம் போய்ட்டாங்க. ஒரு பாராட்டு? ஒண்ணும் கிடையாது. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே போனாங்க, சாக்பீஸ் தூசி.

அதுக்கப்புறம் அவளை நிறுத்த முடியல. "நட. வா. சீக்கிரம். கையை ஆட்டு. கூடையை எடு. தூக்கு. அங்க என்ன பார்வை?" எல்லாம் ஏவல்வினை! நான் சந்தோஷத்துல குதிச்சேன். ஏவல்வினையை இவ்வளவு சுத்தமா சொல்ற புள்ளையை நான் பாத்ததே இல்ல. நம்ம புள்ளைங்களே "உக்காரு"ங்குறதை இழுத்து முழுங்கும். இவ கத்தியால வெட்டின மாதிரி சொல்லுவா. இதெல்லாம் நம்ம நாடகத்தோட வெற்றின்னு மீட்டிங்ல சொன்னேன். எங்கேருந்து அத்தனையும் வந்துச்சுன்னு கேக்கத் தோணல. யாருக்குத் தோணும்? புள்ளை பேசுதேன்னு இருந்துச்சு.

ஆண்டு விழா வந்துச்சு. எஸ்டேட் மேனேஜர் தலைமை, பி.இ.ஓ. சார் சிறப்பு விருந்தினர். நாற்காலி, மைக் செட், பந்தல் எல்லாத்தையும் பாத்துக்கிட்டது தவமணி. சூப்பர்வைசர். கொழுந்தெடுக்குறவங்களுக்கு மேல நிக்கிற ஆளு. நான் அவரை நல்ல மனுஷன்னுதான் நினைச்சிருந்தேன். என்னைப் பாத்தா எப்பவும் "வணக்கம் டீச்சர்"தான். ஒரே ஒரு பழக்கம், பேசுறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமுவாரு, ம்க்கும்னு. கையில இருக்குற குடையால பூட்ஸைத் தட்டிக்கிட்டே இருப்பாரு.

நாடகம் என்னன்னா, கரடிக்குப் பலாப்பழம் தீந்து போச்சு. எஸ்டேட்ல வந்து வேலை கேக்குது. கதையை உண்டாக்கினது புள்ளைங்கதான். சூப்பர்வைசர் வேஷம் எனக்குன்னு ஈஸ்வரி தானாவே கேட்டு வாங்கிக்கிட்டா. ஒத்திகையில "வா, கூடை எடு, கிள்ளு"ன்னு சொன்னா. கரடி இலையைக் கிள்ளி வாயில போட்டுக்கும், சூப்பர்வைசரைத் தொரத்தும், எல்லாரும் சிரிப்பாங்க, முடிஞ்சது. நானும் அவ்வளவுதான்னு இருந்தேன்.

அன்னைக்கு மேடைக்குப் பக்கத்துல யாரோ சாத்தி வச்சிருந்த குடையைத் தூக்கிக்கிட்டுப் போனாம்மா. போய் நின்னா. குடையால காலைத் தட்டினா. ம்க்கும்னு ஒரு செருமல். பந்தல்ல பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க பக்கம் ஒரு சலசலப்பு. அவ ஆரம்பிச்சா.

"ஏ மாடு! எங்க பாக்குறே? வாய் எதுக்கு? கை போதும்."

மெர்சி கெட்டிக்காரி. எதுக்கும் பதில் சொல்லணும்னு நான் பழக்கி வச்சிருக்கேன்ல. "ஐயா, எனக்குக் காலு வலிக்குது"ன்னா.

"வலிக்குதா? வலிச்சா ஊருக்குப் போ. ரயில் இருக்கு. நீ போனா நாலு மாடு வரும்."

"ஐயா, தண்ணி."

"தமிழ் தெரியாத மாட்டுக்குத் தண்ணி மட்டும் தமிழ்ல தெரியுதோ?"

நான் மேடையோரமா திரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவ சொல்லி நான் கேட்டதே இல்ல. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு அதுதான் மொதல்ல பட்டுச்சு. மழை பூரா கல்லா இருந்த பொண்ணு முழு வாக்கியம் பேசுறா! அதுக்கப்புறந்தான் பந்தலைப் பாத்தேன். ஜார்க்கண்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே கிடையாது. அதைப் பாத்து நம்ம பொம்பளைங்களும் சிரிக்கிறாங்க. சிரிக்காதது புத்னி ஒருத்திதான். எந்திரிச்சு நின்னுட்டா. அப்புறம் முன்வரிசையில தவமணி மொகம். கையில குடை. குடை பூட்ஸு மேல அப்படியே நிக்குது.

என்ன நடந்திருக்கணும்? நாடகம் முடிஞ்சிருக்கணும். கரடி சூப்பர்வைசரைத் தொரத்திக்கிட்டு ஓடுற மாதிரிதான் கடைசி. அதுக்குள்ள அந்த அமலோற்பவம் டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? மேடையில ஏறி மைக்கைப் பிடுங்கிட்டாங்க. "இத்துடன் பாக்கியசீலி டீச்சர் எழுதி இயக்கிய நகைச்சுவை நாடகம் இனிதே நிறைவு பெறுகிறது"ன்னு சொல்லி, மூச்சு விடாம நன்றியுரை! மேனேஜருக்கு நன்றி, பி.இ.ஓ.வுக்கு நன்றி, பந்தலுக்கு நன்றி, வடை சுட்டவருக்கு நன்றி, "எல்லாரும் வரிசையா வந்து டீ வாங்கிக்கங்க." புள்ளைங்க மேடையில திருதிருன்னு முழிக்குது. பாதி நாடகத்துல நன்றியுரை! உலகத்துல எங்கயாவது உண்டா?

அதுவும் போகட்டும். நான் எழுதினேன்னு எப்படிச் சொல்லலாம்? போய் நேருக்கு நேரா கேட்டேன். "ஒரு வரி நான் எழுதல டீச்சர். அது புள்ளையோட பேச்சு. என் பேரை எதுக்குப் போட்டீங்க?" அந்தம்மா மெதுவா எந்திரிச்சு ஜன்னலைச் சாத்தினாங்க. "சீலி, கத்தாத. வெளிய ஆள் இருக்கு." அவ்வளவுதான் பதில். அவங்களுக்கு எப்பவும் வெளிய யார் இருக்காங்கங்குறதுதான் கவலை.

மறுநாள் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கும்போது புத்னி பேரைக் கூப்பிடல. நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டா. திரும்பினவ நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்தா. செருப்பைக் கூடக் கழட்டாம கிளாஸுக்குள்ள வந்து மகளோட கையைப் பிடிச்சு இழுத்தா. நான் குறுக்கால போய் நின்னு, "ஏம்மா, ஈஸ்வரி எவ்வளவு நல்லா பேசுறா தெரியுமா"ன்னேன்.

"ஈஸ்வரி இல்ல. எத்வாரி"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடினா. "டீச்சர். வாய் குடுத்தே. வேலை எடுத்தே."

அவ்வளவுதான். புள்ளையை இழுத்துக்கிட்டுப் போயிட்டா. எனக்கு ஒண்ணும் கோவம் வரல. ஏன் வரணும்? அவ பாடு அவளுக்கு. அன்னைக்கு நான் சோத்து டப்பாவைத் தொறக்கல, அது வேற, வயித்துக்கு சரியில்ல. ஈஸ்வரி எடம் காலியா கெடந்துச்சு. புள்ளைங்க நாடகம் போடலாமான்னு கேட்டுச்சு. புஸ்தகத்தை எடுக்கச் சொன்னேன்.

அதுக்குள்ள மேனேஜர் மேலதிகாரிங்களுக்குப் புகார் எழுதிப் போட்டுட்டாரு. பள்ளிக்கூடத்துல வச்சு எஸ்டேட்டை அவமானப்படுத்தறாங்க, சின்னக் குழந்தைங்க மனசுல விஷத்தைக் கலக்குறாங்கன்னு. விசாரணைன்னு சொல்லி பி.இ.ஓ. சார் வந்தாரு. நான் தயாராத்தான் இருந்தேன். என்ன பேசணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பழகியே வச்சிருந்தேன். "சார், அது நான் எழுதின வசனம் இல்ல. ஒரு வார்த்தை தெரியாம வந்த குழந்தை, தானே கேட்டு, தானே கத்துக்கிட்டு, மேடையில தானே பேசினது. என் முறை ஜெயிச்சிருச்சுங்குறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" எப்படி இருக்கு? நல்லா இருக்குல்ல? கம்பீரமா சொல்லணும்னு இருந்தேன்.

ரூமுக்கு வெளிய எச்.எம். நின்னாங்க. என் முந்தானையைப் பிடிச்சு நிறுத்தி, "சீலி, யார் எழுதினதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. டீச்சர் எழுதினதுன்னா டீச்சரோட போயிரும். புள்ளை தானா பேசினதுன்னா, புள்ளை எங்க கேட்டுச்சுன்னு போகும். வீட்டுல சொல்லிக் குடுத்தாங்களான்னு போகும். அந்த புத்னி..." அதோட நிறுத்திட்டாங்க. அந்தம்மாவுக்கு எதையும் முழுசா சொல்ல வராது. நல்லவேளை, எனக்கே சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. நானா புரிஞ்சுக்கிட்டேன்.

உள்ள போனேன். பி.இ.ஓ. சார், மேனேஜர், தவமணி. தவமணி கையில குடை.

"இந்த வசனமெல்லாம் யாரும்மா எழுதினது?"ன்னாரு பி.இ.ஓ.

"நான்."

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம. புள்ளைக்கு அர்த்தம் கூடத் தெரியாது சார். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சுச்சு."

இதைச் சொன்னது நானம்மா. கிளிப்பிள்ளைன்னு! எந்த வாய் சொல்லக் கூடாதோ அந்த வாய் சொல்லுச்சு. என் வாழ்க்கையில நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அந்தப் பொண்ணு கல்லா கெடந்து சேத்து வச்ச வார்த்தை. அதை அவகிட்டேருந்து பிடுங்கி என் பேருல எழுதிக்கிட்டேன். வருத்தமான்னு கேக்காதீங்க. திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

தவமணி கேட்டாரு, "டீச்சர், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? எம்மேல ஏன் இவ்வளவு கோவம்?"

"உங்க மேலயா? நாடகத்துல ஒரு சூப்பர்வைசர் வந்தாரு. பேரு கூட வைக்கல. அது நீங்கதான்னு ஏன் சார் நினைச்சீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தாரு. மொதல்ல செருமினாரு, ம்க்கும்னு. பி.இ.ஓ. சார் தலையைக் குனிஞ்சு பேப்பரைப் புரட்ட ஆரம்பிச்சிட்டாரு. சிரிப்பை அடக்கி உதடு துடிச்சதை நான் பாத்தேன்.

மேனேஜர் நல்லபடியாத்தான் சொன்னாரு. "மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க டீச்சர். இதோட விட்டுரலாம். நீங்களும் இங்கயே இருக்கலாம்."

"எழுதினது நான்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மன்னிப்பு எழுத மாட்டேன்"னேன். "ஒண்ணு பண்ணுங்க சார். அந்த நாடகத்துல வந்த வார்த்தையை இந்த மலையில யாரும், யாரைப் பாத்தும், ஒரு தடவை கூடச் சொன்னதில்லைன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்குக் கீழயே நான் மன்னிப்பு எழுதறேன்."

பேனாவை மேசை நடுவுல வச்சேன். அங்கயே கெடந்துச்சு. யாரும் தொடல. 

"இன்னொண்ணு சார். எழுதினவ நான். இங்க நிக்கிறேன். எதுவும் தெரியாத ஒரு பொம்பளையை எதுக்கு வேலைக்குக் கூப்பிடாம வீட்டுல உக்கார வச்சிருக்கீங்க?"

மேனேஜர் தவமணியைப் பாத்தாரு. தவமணி குடையைப் பாத்தாரு. மறுநாள் புத்னியை வேற பக்கத்துத் தோட்டத்துக்கு, வேற சூப்பர்வைசர்கிட்ட வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. எனக்கு சஸ்பெண்டுதான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. என்ன நினைச்சாங்களோ, மாத்தலோட விட்டுட்டாங்க. அந்த வாரம் பூரா எச்.எம். லீவு போட்டுட்டுப் பொள்ளாச்சி கல்வி ஆபீசுக்கு நடையா நடந்தாங்க. என்ன சொந்த வேலையோ. நான் அங்க தீயில நிக்கிறேன், அந்தம்மாவுக்கு சொந்த வேலை! இப்படிப்பட்டவங்களை என்னன்னு சொல்றது?

புத்னி மகளைத் திரும்பக் கொண்டாந்து விட்டா. நல்லா எண்ணெய் வச்சுத் தலை பின்னி, ரிப்பன் கட்டி விட்டிருந்தா. என்னைப் பாக்கல. வாசல்லயே விட்டுட்டுக் கூடையைத் தோள் மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டா. பாக்கணும்னு நான் எதிர்பாக்கவும் இல்ல. ஈஸ்வரி வந்து அவ எடத்துல உக்காந்தா. நான் ஒண்ணும் கேக்கல, அவளும் ஒண்ணும் பேசல. அப்படியே ஒரு வாரம் போச்சு. மறுபடி பழைய மாதிரி ஆயிட்டாளோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம். இந்தப் பக்கம் மாத்தல் உத்தரவும் வந்துருச்சு.

நேத்து, கடைசி நாள். மத்தியானம் சாப்பாட்டு நேரம். நான் அலமாரியைக் காலி பண்ணிக்கிட்டு உள்ள நிக்கிறேன். வெளிய வராந்தாவுல சிரிப்புச் சத்தம். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். நாடகம் நடக்குது. நான் இல்லாம! யாரும் சொல்லாம! ஈஸ்வரி துண்டை முந்தானை மாதிரி சுத்திச் சொருகிக்கிட்டு, இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறா. யாரு வேஷம்னு நினைக்கிறீங்க? நான்!

"இங்க பாரு கண்ணு, கரடி ஏன் விழுந்துச்சு? உனக்கு என்ன தோணுது?"ன்னு மெர்சிகிட்டக் கேக்குறா. என்னை மாதிரியே தலையைச் சாய்ச்சுக்கிட்டுக் கேக்குறா. மெர்சி வாயைத் தொறக்குறதுக்குள்ள, "இரு, இரு, நான் சொல்றேன்!"னு கையை ஆட்டிக்கிட்டு, மரத்துலேருந்து பழம் வரைக்கும் அவளே பொழியிறா. எல்லாப் புள்ளையும் விழுந்து விழுந்து சிரிக்குது. எச்.எம். ரூம் ஜன்னல்லயும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

நான் அப்படியாம்மா? நீங்களே சொல்லுங்க, நான் யாரையாவது பேச விடாம... இருங்க, இதை முடிச்சிடறேன்.

அஸ்ஸாம்லேருந்து போன மாசம் வந்த ஒரு பொண்ணு ஓரத்துல உக்காந்திருந்துச்சு. எல்லாரும் சிரிச்சு ஓய்ஞ்சதும் ஈஸ்வரி அதுகிட்டப் போனா. குனிஞ்சு, மொகத்துக்கு நேரா மொகத்தை வச்சு, "உனக்கு என்ன தோணுது கண்ணு?"ன்னு கேட்டா. கேட்டுட்டுப் பேசாம நின்னா. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல. இவ நின்னுக்கிட்டே இருந்தா. நானா இருந்திருந்தா அதுக்குள்ள பத்துத் தடவை பேசியிருப்பேன். இவ நின்னா. கடைசியில அது ஒரு விரலை நீட்டி, வெளிய தெரியிற பலா மரத்தைக் காட்டி, அவங்க பாஷையில என்னமோ சொல்லுச்சு. ஈஸ்வரி, "ஆமா, ஆமா"ன்னு பெருசா தலையை ஆட்டினா. அவளுக்கு அஸ்ஸாமி பாஷை ஒரு வார்த்தை தெரியாது.

நான் உள்ளயே நின்னேன். மணி அடிக்கிற வரைக்கும் வெளிய போகல. கூப்பிட்டுக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன்னு நினைக்காதீங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்ல.

பாருங்க, அடிவாரம் வந்துட்டோம். கண்டக்டர் டீ குடிக்க நிறுத்துவாரு. புதுப் பள்ளிக்கூடம் இங்கேருந்து இன்னும் கொஞ்ச தூரம். தென்னந்தோப்பு, சுத்தி நார் மில்லு. அங்க இருக்குற எச்.எம். முந்தாநாள் போன் பண்ணினாரு. என் கதை எனக்கு முன்னாடியே எறங்கிப் போயிருச்சு போல. "டீச்சர், எங்க பள்ளிக்கூடம் ரொம்ப அமைதியான பள்ளிக்கூடம். பாடம் உண்டு, நாம உண்டு. இங்க நாடகம் கீடகமெல்லாம் வேண்டாம்"னாரு.

"புள்ளைங்க எப்படி சார்?"னு கேட்டேன்.

"நார் மில்லுல வேலை பாக்க ஒடிசாவுலேருந்து வந்தவங்க புள்ளைங்கதான் முக்காவாசி. ஆனா அதுங்களால ஒரு தொந்தரவும் கிடையாது டீச்சர். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வாயே தொறக்காதுங்க"ன்னாரு. சந்தோஷமா சொல்றாரும்மா! பெருமையா!

நான் எதுத்து ஒண்ணும் பேசல. "அப்படிங்களா சார், நல்லது சார்"னு வச்சிட்டேன். இருக்கட்டும். நாளைக்குத்தானே நான் அங்க சேர்றேன்.